பமீலா வீட்டுக் கணினிக்குச் சத்தம் வராது

பமீலாவை யாராவது ‘பாவம்’ என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். கடலோரம் டச்பாரில் இருந்த அவளுடைய வீட்டையும் அப்பா அம்மாவையும் சுனாமி கொண்டுபோனது உண்மை. தம்பி ட்றெவரைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் ஊர் தன்னாமுனைக்கு வந்தபோது மாற்றிக் கட்ட உடுப்புக்கூட இல்லை என்பதும் உண்மை. ஆனால் வந்த மாதமே, என் வளவுக்கு அடுத்த வளவில் நின்று, தற்காலிக வீடு கட்டியவர்களோடு கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று சண்டை பிடித்தாள். கடைசியில் அவள் சொன்ன பக்கம்தான் திறந்தது.

நாங்கள் இருவரும் டவுணில் ஒரு நிவாரண அமைப்பின் அலுவலகத்தில் வேலை செய்தோம். அங்கே கழித்துவிட்ட கணினி ஒன்றைக் கேட்டு வாங்கி ஓட்டோவில் ஏற்றி வந்தாள். கடிதம் அடிக்க என்று ஊருக்குச் சொன்னாள். என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள்.

“ட்றெவருக்கு மீசை அரும்பிட்டுகா. இனி அவன் ரோட்டில நிக்கக் கூடாது. வீட்டுக்குள்ள வெச்சிருக்க ஏதாவது வேணும்.”

அது போர் மறுபடி மூண்டு, இளந்தாரிகள் கடைக்குப் போய்த் திரும்பாமல் போன காலம். யார் கொண்டுபோனார்கள் என்று கேட்கப் போனவர்களும் வாயைப் பொத்திக்கொண்டு வந்தார்கள். எங்கள் பக்கத்தில் அந்தப் பயம் இல்லாத வீடு இல்லை.

ட்றெவர் யாரிடமோ சிடி வாங்கித் துப்பாக்கிச் சண்டை கேம் ஒன்றை ஏற்றினான். இரண்டு பெரிய ஸ்பீக்கர்களையும் கணினியில் பூட்டினான். ஊரே வெடிச்சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்த நாளில் புத்தியுள்ள எவனாவது அதைச் செய்வானா? அவன் செய்தான். ஒரு பின்னேரம் அந்த வழியால் போன ஆமிக்காரர் ரோட்டில் குப்புற விழுந்து படுத்தார்கள். பிறகு எழுந்து வந்து வளவைச் சுற்றி வளைத்தார்கள். ட்றெவர் தலையில் கையை வைத்துக்கொண்டு முற்றத்தில் முழங்காலில் நின்றான். பமீலா அவர்களை உள்ளே கூட்டிப்போய்த் திரையைக் காட்டினாள். ஒரு சிப்பாய் சிரித்துவிட்டான். அதிகாரி சிரிக்கவில்லை.

“அடுத்த முறை சுட்டிட்டுத்தான் வந்து பாக்கிறது” என்றார், உடைந்த தமிழில்.

ஸ்பீக்கர்கள் பெட்டிக்குள் போயின. ஹெட்போன் போடவும் பமீலா விடவில்லை.

“காதை அடைச்சிட்டு இருந்தா, கடப்படியில ஆரும் வந்து நிக்கிறது உனக்கு எப்பிடிக் கேக்கும்?”

சத்தமில்லாத கேம் உப்பில்லாத கறி என்று ட்றெவர் தினமும் சண்டை பிடித்தான். பிறகு டவுணில் கேம் விளையாடும் கடை ஒன்றுக்குப் போகத் தொடங்கினான். திரும்பி வர இருட்டிவிடும். அவனுடைய சைக்கிள் சத்தம் கேட்கும்வரை பமீலா சோற்றில் கை வைக்க மாட்டாள். எனக்கும் இறங்காது.

அந்த நேரம் பார்த்துக் கணினியும் படுத்துவிட்டது. ஊரில் எல்லோருடைய பென்டிரைவும் எல்லோருடைய கணினியிலும் ஏறி இறங்கியதால் வைரஸ் டெங்குபோலப் பரவியிருந்தது. திருத்துபவர் வந்து எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுவிட்டுப் போவார், அடுத்த கிழமை பழையபடி படுக்கும். பமீலாவுக்குப் பொறுமை போனது. அலுவலகத்துக்குத் தபாலில் வந்த, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் சிடி ஒன்று தேடுவாரற்று மேசை லாச்சிக்குள் கிடந்தது. கேட்டுவிட்டு எடுத்து வந்தாள்.

“இந்த வைரஸ் ஒண்டும் இதில ஒட்டாதாம்கா. பழைய மெஷினிலயும் ஓடுமாம். கடிதம் அடிக்க, படம் பாக்க, எல்லாம் உள்ளுக்கே இருக்கு.”

“கேம்?” என்றேன்.

“அதையும் ஓட வெப்பன்.”

ஓடவும் வைத்தாள். வேறு சிஸ்டத்துக்குச் செய்த கேம்களை லினக்ஸில் ஓட்ட வைன் என்று ஒரு மென்பொருள் உண்டாம். அலுவலகத்தில் இணையத்தைத் துழாவி அச்செடுத்த தாள்களை மடியில் வைத்துக்கொண்டு, கறுப்புத் திரையில் கட்டளை கட்டளையாக அடித்தாள். “எங்கட வீட்டில நத்தார்ப் பண்டிகைக்குக்கூட வைன் இல்ல, கம்பியூட்டருக்குள்ள மட்டும் கிடக்கு” என்று சிரித்தாள். ஒருநாள் கேம் திறந்தது. படம் தடங்கலில்லாமல் ஓடியது. ஸ்பீக்கரை வெளியே எடுத்துப் பூட்டிப் பார்த்தோம், சத்தம் மட்டும் வரவில்லை.

அதற்கும் மருந்து அடுத்த கிழமையே தாளில் அகப்பட்டது. ட்றெவர் பள்ளிக்கூடம் போன நேரம் சரிசெய்து, மெல்லிதாக வைத்துக் கேட்டுவிட்டு, செட்டிங்கில் போய்ச் சத்தத்தை மறுபடி மூடிவிட்டாள். ஸ்பீக்கரை மேசையிலேயே விட்டாள். தம்பி வந்ததும் முகத்தை இறுக்கிக்கொண்டாள்.

“லினக்ஸில இந்தக் கேமுக்குச் சத்தம் வராது மனே. நான் என்ன செய்ய?”

அக்காவோடு மல்லுக்கட்டலாம், மெஷினோடு கட்ட முடியுமா? முணுமுணுத்துவிட்டு விளையாடினான். லினக்ஸோடு வந்த சின்னச் சின்ன கேம்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தான். பிறகு அந்தக் கறுப்புத் திரையில் அவனே கட்டளை அடிக்கப் பழகினான். டவுண் பயணம் நின்றது. விளக்கு வைக்கும் நேரம் யன்னலில் அவன் முதுகு தெரியும். அதைப் பார்த்த பிறகுதான் நான் என் வீட்டுக் கதவைச் சாத்துவேன்.

2009 மே மாதம் போர் முடிந்தது என்று றேடியோ சொன்னது. டவுணில் வெடி கொளுத்தினார்கள், எங்கள் வளவுகளில் யாரும் கொளுத்தவில்லை. சில மாதங்கள் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசை முடிந்து வந்த பமீலா தம்பியை மேசைக்குக் கூப்பிட்டாள். நானும் அங்கே இருந்தேன்.

“இதுக்குச் சத்தம் வரும்டா. நான்தான் மூடி வெச்சிருந்தன். இனித் திறந்து விடுறன்.”

“எனக்குப் போன வருசமே தெரியும்” என்றான் ட்றெவர்.

“எப்பிடி?” என்றாள் பமீலா.

“நீ வேலைக்குப் போன நேரம் திறந்து கேட்டன் அக்கா. முதல் வெடிக்கே மேசைக்குக் கீழ போய்க் குந்திட்டன். எழும்ப ஏலாமப் போச்சு. மறுகா நான்தான் மூடினன்.”

அவள் அழுதாள். என் கண்ணும் நிறைந்தது.

“அப்ப, இப்ப திறக்கட்டா?” என்று கேட்டாள்.

“கொஞ்ச நாள் போகட்டும்.”

கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் விளையாடத் தொடங்கினான். திரையில் துப்பாக்கிகள் சத்தமில்லாமல் சுட்டுக்கொண்டிருந்தன. பமீலா அவன் தலையில் கை வைத்தபடி பக்கத்தில் நின்றாள்.