கருப்பணாருக்கே திருத்தம் சொன்னேன்

1980 தை மாதக் கடைசியில் என் வலது முழங்கால் வீங்கிப்போனது. மடக்க முடியவில்லை, முழுசாக நீட்டவும் முடியவில்லை. கழிப்பறையில் உட்கார முடியவில்லை என்று சொல்ல இந்த வயதில் எனக்கு வெட்கமில்லை. அன்றைக்கு அதை ஒருவரிடமும் சொல்லாமல் அழுதேன்.

நான் படித்துக்கொண்டிருந்ததோ உடற்கல்வி. கணக்குப் படிக்கிற பெண்ணுக்குக் கால் வீங்கினால் ஊன்றிக்கொண்டு போய்ப் பரீட்சை எழுதலாம். எனக்குப் பரீட்சையே கால்தான். சித்திரைக் கடைசியில் செய்முறைத் தேர்வு. எண்ணூறு மீட்டர் ஓட வேண்டும், நீளம் தாண்ட வேண்டும், உயரம் தாண்ட வேண்டும். விடுதி மாடிப்படி ஏறவே எனக்குச் சுவர் தேவைப்பட்டது.

கருப்பணாரைக் கும்பிடுகிற குடும்பங்களான நம் கோயில் குடிப்பாட்டில், இதைப் படிக்கும் இளையவர்களுக்கு என்னைத் தெரியாது. மோகனூருக்குக் கிழக்கே கரும்புக்காட்டுக் குடும்பம் எங்களுடையது. நம் வகையறாவில் முதன்முதலாக அரை டவுசர் போட்டு ஓடிய பெண் நான்தான். அப்போது யார் யார் என்ன பேசினீர்கள் என்பதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பாதிப் பேரை மன்னித்துவிட்டேன்.

பி.யூ.சி. முடித்ததும் உடற்கல்விக் கல்லூரியில் சேர வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். பெரியப்பா ஒத்துக்கொள்ளவே இல்லை. அம்மா யார் பக்கமும் பேசவில்லை. அப்பா மட்டும், அதிகம் பேசாத மனிதர், தன் அண்ணனிடம் போய்ச் சொன்னார்.

"ஒரு வருசம் படிக்கட்டுமுங்கண்ணா. பாஸாவலீன்னா நீங்க சொல்ற எடத்துல கட்டிக்குடுத்தர்றேன். அதுக்கப்பறம் ஒரு பேச்சுப் பேசமாட்டேன்."

அந்த ஒரு வாக்கில்தான் நான் சேலத்துக்குப் போனேன். விடுதி கொண்டப்பநாயக்கன்பட்டியில், ஏற்காட்டு மலைப்பாதை தொடங்குகிற இடத்தில். விடியற்காலையில் மூன்றாவது வளைவு வரை ஓடிவிட்டுத் திரும்ப வேண்டும். ஏறும்போது ஒன்றும் தெரியாது. இறங்கும்போது வலது முட்டியில் சுருக்கென்று குத்தும். யாரிடமும் சொல்லாமல் துணியைச் சுற்றிக்கொண்டு இரண்டு மாதம் ஓடினேன். உடம்பைப் பற்றிப் படிக்கிறவள் செய்கிற காரியமா இது? ஆனால் செய்தேன். கடைசியில் முட்டி இளநீர்க்காய் மாதிரி ஆனது.

சேலத்தில் ஒரு டாக்டர் பார்த்தார். "ஓட்டத்தை மறந்துடும்மா. வேற படிப்புப் படி" என்றார். கல்லூரியில் கேட்டால், செய்முறை செய்யாவிட்டால் சான்றிதழ் கிடையாது என்றார்கள். இருவர் சொன்னதும் சரியாகவே பட்டது. அதனால்தான் எனக்கு யார்மேலும் கோபப்படக்கூட வழியில்லாமல் போனது.

மாசி அமாவாசைக்கு ஊருக்கு வந்தேன். பஸ்ஸிலிருந்து நான் இறங்கிய விதத்தைப் பார்த்ததுமே அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. மறுநாள் காலையில் குளித்துவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பினார். நாங்களும் போனோம், பெரியப்பா குடும்பமும் வந்தது.

நம் கோயிலில் உருவாரம் வைக்கிற வழக்கம் உங்களுக்குத் தெரியும். கைக்கு நோவென்றால் மண்ணில் செய்த கை, பிள்ளை வேண்டுமென்றால் மண்பிள்ளை, மாட்டுக்குச் சுகமில்லையென்றால் மண்மாடு. அமாவாசைக்கு வாசலில் கடை போட்டிருப்பார்கள். அப்பா ஒரு மண்காலை வாங்கி, துண்டில் பொதிந்து, தலைமேல் வைத்து மூன்று சுற்றுச் சுற்றிக் கருப்பணார் முன்னால் கொண்டுபோய் வைத்தார். விழுந்து கும்பிட்டார். அவர் எழுந்திருக்க ரொம்ப நேரமானது. முதுகு குலுங்கியது. அப்பா அழுது அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.

நானும் கும்பிட்டேன். கும்பிட்டுவிட்டு அந்த மண்காலைப் பார்த்தேன். செய்தவர் கைகாரர். கணுக்கால் எலும்பு, ஐந்து விரல், நகம்கூட இருந்தது. உடற்கூறு படித்த கண் சும்மா இருக்குமா? என் காலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மண்காலின் பெருவிரல் வலப்பக்கம் இருந்தது.

"ஏனுங்கப்பா, இது எடது காலுங்க!" என்றேன்.

அப்பாவுக்குப் புரியவில்லை.

"எனக்கு நோவறது வலது காலுங்க. நீங்க எடது கால வெச்சிருக்கறீங்க. ஒரு காலு எந்தக் காலுன்னு பாத்து வாங்கத் தெரியாதுங்களா உங்களுக்கு?"

அவ்வளவு கோபத்திலும் 'ங்க' போகவில்லை பாருங்கள். ஆனால் குரல் போய்விட்டது. கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பெரியப்பா வீட்டுப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"கடைல அந்த ஒரு காலுதான் சாமி இருந்துச்சு" என்றார், என்னைச் சாமி என்றே கூப்பிடும் அப்பா. "கருப்பணாருக்குத் தெரியாதா, உனக்கு எந்தக் காலுன்னு?"

"தெரிஞ்சிருந்தா ஏனுங்க வீங்க உட்டாரு?"

அப்படித்தான் கேட்டேன். சந்நிதியில் நின்றுகொண்டு கேட்டேன். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அடுத்த நாள் அவர் காட்டிலிருந்து திரும்புமுன் நான் பஸ் ஏறிவிட்டேன். சொல்லிக்கொள்ளவில்லை.

விடுதிக்கு வந்த பிறகுதான் பயம் பிடித்தது. வேண்டுதலே தப்பான காலுக்குப் போய்விட்டதே என்று உண்மையாகவே நம்பினேன். சிரிக்காதீர்கள். மனசு உடைந்திருக்கும்போது எது பெரிசாகத் தெரியும் என்று யாருக்கும் தெரியாது. தினமும் காலையில் எல்லோரும் மைதானத்துக்குப் போனபின் தெற்கே பார்த்து நின்று கும்பிடுவேன். மோகனூர் அந்தப் பக்கம்தானே. "கருப்பணாரே, எங்கப்பா விவரம் தெரியாமல் வைத்துவிட்டார். அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர். எனக்கு வலது கால். வலது." தபால்காரருக்கு முகவரி சொல்வதுபோல் தினமும் சொன்னேன். வீக்கம் குறையவில்லை.

என் அறைத்தோழி மல்லிகா, தம்மம்பட்டிக்காரி. வாய் ஓயாது, கை அதைவிட ஓயாது. விளையாட்டுக் காயங்கள் என்று எங்களுக்கு ஒரு பாடம் இருந்தது. அடிபட்டவர் ஒருவரைப் பரிசோதித்து, அளவெடுத்து, ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் காயம்பட்ட ஆளைத் தேடி அலைந்தார்கள். மல்லிகாவுக்கு அந்த அலைச்சல் இல்லை.

"நீதான் கட்டில்லயே கெடக்கறியே, உன்னையே எழுதிடறேன்" என்றாள். தையல் டேப்பும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் சாப்பாட்டுக்குப் பின்.

வலது தொடை, வலது முட்டி, வலது ஆடுசதை எல்லாம் அளந்து எழுதினாள். பிறகு இடது காலை நீட்டச் சொன்னாள்.

"இது நல்ல கால்டி" என்றேன்.

"நல்ல காலையும் அளக்கணும்னு மேடம் சொன்னாங்க இல்ல? ரெண்டையும் வச்சுப் பாத்தாத்தான் மார்க்கு."

அளந்தாள். இன்னொரு முறை அளந்தாள். டேப்பைத் திருப்பிப் பிடித்து மறுபடியும் அளந்தாள். பேச்சே நின்றுவிட்டது, அதுதான் எனக்குத் திகிலாக இருந்தது.

"ஏண்டி, உன் இடது ஆடுசதை ஒண்ணேகால் அங்குலம் கம்மியா இருக்கு. இந்தக் கால் எப்பவாவது ஒடஞ்சுதா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பன்னிரண்டு வயதில் தலையில் சோளத்தட்டுக் கட்டோடு வாய்க்காலைத் தாண்டும்போது இடது கணுக்கால் மடங்கியது. முட்டைப் பற்றுப் போட்டுக் கட்டினார்கள். மூன்று நான்கு மாதம் நொண்டினேன். அப்புறம் வலி போய்விட்டது, நானும் மறந்துவிட்டேன். கால் மறக்கவில்லை. அன்றிலிருந்து உடம்பின் பாரத்தையெல்லாம் வலது காலில் போட்டுப் பழகியிருக்கிறேன்.

மறுநாள் மல்லிகா என்னை அந்தப் பாடம் எடுத்த மேடத்திடம் இழுத்துக்கொண்டு போனாள். மேடம் நீளம் தாண்டும் மணற்குழியைச் சீவச் சொல்லி, அதில் வெறுங்காலோடு நடக்க வைத்தார். நான் திரும்பிப் பார்த்தேன். வலது தடம் ஆழமாக, குதிகால் முதல் விரல் வரை. இடது தடம் யாரோ ஒரு குழந்தை தொட்டுவிட்டுப் போனதுபோல் மேலாக.

"வலது முட்டியில நோய் இல்லம்மா. ரெண்டு கால் வேலையை அது ஒண்ணே செஞ்சிருக்கு" என்றார் மேடம். "இனிமே வைத்தியம் இடது காலுக்கு."

இடது காலுக்கு.

நான் மணற்குழியிலேயே உட்கார்ந்துவிட்டேன். துண்டில் பொதிந்த அந்த மண்கால் கண்முன்னால் வந்தது. கடையில் இருந்த ஒரே கால். அப்பா அதை வைத்தபோது நோய் எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. நானோ மூன்று வாரமாகத் தெற்கே திரும்பி நின்று அவருக்குத் திருத்தம் சொல்லிக்கொண்டிருந்தேன். மல்லிகா, "என்னாச்சு, வலிக்குதா?" என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அன்று முதல் வலது காலுக்கு ஓய்வு, இடது காலுக்கு வேலை. விடுதிப் படியின் விளிம்பில் இடது முன்பாதத்தில் நின்று ஏறி இறங்குவேன். மணலில் நடப்பேன். கண்ணை மூடிக்கொண்டு இடது காலில் மட்டும் நிற்பேன். முதல் நாள் ஐந்து எண்ணுமுன் சாய்ந்தேன். மல்லிகா பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவாள், கூடவே திட்டுவாள். பங்குனி நடுவில் வீக்கம் வடியத் தொடங்கியது. பங்குனிக் கடைசியில் கழிப்பறையில் சாதாரணமாக உட்கார்ந்து எழுந்தேன். அந்த நிம்மதியை என்னவென்று எழுதுவது! முதல் பரிசு வாங்கியிருந்தால்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டேன்.

தேர்வன்று எண்ணூறு மீட்டரில் முதல் சுற்று முழுக்கப் பயத்திலேயே ஓடினேன். எப்போது குத்தப் போகிறதோ என்று முட்டிமேலேயே நினைப்பு. இரண்டாவது சுற்றில்தான் கவனித்தேன், குத்தவே இல்லை. இடது கால் தரையை உதைத்துத் தள்ளிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வயதுக்குப் பிறகு அந்தக் காலை அன்றுதான் உணர்ந்தேன். கடைசியிலிருந்து மூன்றாவதாக வந்தேன், ஆனால் குறித்த நேரத்துக்குள் வந்துவிட்டேன். தாண்டுதலிலும் தேறினேன். தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு பைத்தியம் மாதிரி சிரித்தேன்.

தேறிய செய்தியோடு ஊருக்குப் போனபோது அப்பா கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். வரப்பிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். வாய்க்காலில் விழுந்தது, டேப், மணல், இடது கால் எல்லாம். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"அன்னிக்குக் கோயில்ல அப்புடிப் பேசீட்டனுங்கப்பா" என்றேன்.

"அட உடு சாமி" என்றார். "நான் ஒரு காலுதான் கேட்டேன். அவரு ரெண்டையுங் குடுத்துட்டாரு."

சொல்லிவிட்டு மடையைத் திருப்பக் குனிந்தார். பெரியப்பா அதன்பிறகு என் கல்யாணப் பேச்சை எடுக்கவில்லை. பின்னர் நானாகத்தான் எடுத்தேன், எனக்குப் பிடித்த நேரத்தில்.

1982இல் ஒரு அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை ஆனேன். ஓய்வு பெறும்வரை எத்தனையோ பெண்பிள்ளைகள் காலைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள். வலிக்கிற காலை அவர்களே காட்டுவார்கள். மற்ற காலை நான் பார்ப்பேன். யாரையும் "ஓட்டத்தை மறந்துவிடு" என்று மட்டும் சொன்னதில்லை.

இது தற்செயல் என்று சொல்கிறவர்கள் நம் குடிப்பாட்டிலேயே உண்டு. என் மகனும் அவர்களில் ஒருவன். அவனோடு எனக்கு வழக்கில்லை. மணற்குழியில் உட்கார்ந்திருந்தவள் நான், அவனில்லை.

உங்களில் யாராவது இப்போது கஷ்டத்தில் இருக்கலாம். எப்படி வேண்டுவது, எதை வேண்டுவது என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டிருக்கலாம். சரியாகக் கேட்க வேண்டுமே என்று தயங்காதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள், தப்பாகவே சொல்லுங்கள். கோயிலுக்கு வர முடியாவிட்டால் இருக்கிற இடத்தில் திரும்பி நின்று சொல்லுங்கள். எங்கே நோகிறது என்று நாம் காட்டித்தான் அவருக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை.

அப்பாவிடம் அன்றைக்கே வரப்பில் நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டேன். சந்நிதியில் கத்தியதற்குக் கருப்பணாரிடம் எத்தனையோ முறை தனியாகக் கேட்டிருக்கிறேன். ஆனால் கத்தியது எல்லோர் முன்னாலும். அதனால் இன்று உங்கள் எல்லோர் முன்னாலும் கேட்கிறேன்: சாமி, தெரியாமல் பேசிவிட்டேன்.