பிரின்சியின் தேல்ஸ் தேற்றம்

பத்தாம் வகுப்புக்கு வடிவியல் நடத்துவது, பளிச்சென்று கண்ணுக்குத் தெரிவதைக்கூட "நம்பாதே, நிரூபி" என்று வருஷம் முழுக்கக் கத்துகிற வேலை. சாக்பீஸ் தூள் தின்று காலம் தள்ளும் சக பாவிகளுக்கு இது புதிதல்ல.

ஸ்கேல் எடுத்தவள்

முக்கோணத்தில் ஒரு பக்கத்துக்கு இணையாகக் கோடு போட்டால், மற்ற இரண்டு பக்கங்களையும் அது ஒரே விகிதத்தில் வெட்டும். இதுதான் தேல்ஸ் தேற்றம். நிரூபிக்கச் சொன்னால், என் வகுப்புப் பிரின்சி ஸ்கேலால் அளந்து "சரியாக இருக்கிறது" என்று எழுதி முடித்துவிட்டாள். அவளுக்கு மனப்பாடம் சுட்டுப்போட்டாலும் வராது.

"இந்த முக்கோணத்துக்குச் சரி. மத்த முக்கோணத்துக்கெல்லாம்?" என்றேன்.

"கொண்டாங்க டீச்சர், அதையும் அளந்து தாரேன்."

அம்மாவின் யோசனை

அடிக்கோள் என்று சில உண்டு. இரண்டு புள்ளிகள் வழியே ஒரே நேர்கோடுதான் போகும் என்பது மாதிரி. அதற்கு நிரூபணம் கேட்கக் கூடாது. அதன்மேல்தான் தேற்றங்கள் நிற்கின்றன. வகுப்பில் நான் சொன்ன இது வீடுவரை போயிருக்கிறது. பிரின்சியின் அம்மா இராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்ப்பவர். பெற்றோர் கூட்டத்தில், மகள் தேறாவிட்டால் தன்கூடக் கம்பெனிக்குத்தான் வரவேண்டும் என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நிரூபிக்காம ஒத்துக்கிடுறதுன்னு ஒரு வகை இருக்காம்ல, இந்தத் தேற்றத்தையும் அதுல சேத்துட்டா என்ன டீச்சர்?"

எழுத்து மாறிய கேள்வி

திருப்புதல் தேர்வில் புத்தகத்திலுள்ள ஏபிசி முக்கோணத்துக்குப் பதில் பிக்யூஆர் வந்தது. வகுப்பே மனப்பாடம் செய்த ஏபிசியை அப்படியே இறக்கி வைத்தது. பிரின்சி மட்டும் பரப்பளவை வைத்து, தானே யோசித்து, பிக்யூஆருக்கு நிரூபணம் எழுதியிருந்தாள். வாசித்த எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. திருத்தியவர் ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளி ஆசிரியர். ஏபிசிக்கெல்லாம் முழு மார்க், பிரின்சிக்கு முட்டை. அதனாலேயே ஃபெயில்.

தாளை எடுத்துக்கொண்டு அவரிடம் பஸ் பிடித்துப் போனேன். நல்ல மனிதர், வாசித்துப் பார்த்து மார்க்கைப் போட்டுக் கொடுத்தார்.

"சரியாத்தான் எழுதியிருக்கா. ஆனா எல்லாத்தையும் வாசிச்சுத் திருத்துனா நான் எப்ப வீட்டுக்குப் போறது டீச்சர்?"

பொதுத்தேர்வுக்கு முன்

பொதுத்தேர்வுத் தாள் யார் கையில் விழுமோ தெரியாது. அங்கே பஸ் ஏறிப் போய் நியாயம் கேட்க முடியாது. "உன்னோடது சரிதான். ஆனா பரீட்சையில புக்குல இருக்கிறபடியே எழுதிரு, மனப்பாடம் பண்ணு" என்றேன். சொல்லவே வெட்கமாக இருந்தது. பிரின்சி திருப்பிக் கேட்டாள்.

"சரியா இருந்தாப் பத்தாதா டீச்சர், அவியளுக்குப் பழகுன மாதிரியும் இருக்கணுமா?"

நிரூபணம் எழுத வைப்பது என் வேலை. அதை வாசிக்க வைப்பது யார் வேலை என்று இதுவரை ஒரு சர்க்குலரும் வரவில்லை.