நத்தைகள் சொன்ன சாட்சி

என் எட்டு வயதில் நாங்கள் ஒரு கம்பெனியைத் தோற்கடித்தோம். நாங்கள் என்றால் அம்மா, நான், அப்புறம் இருபது நத்தைகள்.

செலியமேட்டில் அம்மா நடவுக்குப் போகும் வயல்களின் வாய்க்காலில், மேலே இருந்த ஒரு கெமிக்கல் கம்பெனி கழிவைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தது. முதலில் நண்டு வளைகள் காலியாயின. பிறகு தவளைச் சத்தம் நின்றது. இரை இல்லாத இடத்துக்குக் கொக்கு எதற்கு வரும்? அதுவும் போனது. நடவு நட்ட பெண்களின் கால்களில் புண் வந்து ஆறவே இல்லை. அம்மாவுக்குப் புண்ணைவிட நத்தை போனதில்தான் ஆத்திரம். மடி நிறைய நத்தை பொறுக்கி வந்து குழம்பு வைக்கிறவள், அந்த வருஷம் வெறும் ஓடுகளைத்தான் கண்டாள்.

மனு மேல் மனு போட்ட பிறகு ஒருவழியாக ஓர் அதிகாரி வந்தார். கூடவே கம்பெனி மேனேஜர். அவருக்குப் பின்னால், காக்கி உடுப்பில், அந்தக் கம்பெனியின் வாட்ச்மேனான என் அப்பா.

அதிகாரி பாட்டிலில் தண்ணீரை மொண்டு வெயிலில் பிடித்துப் பார்த்தார். "தெளிவாத்தானேம்மா இருக்கு?"

"கண்ணுக்கு இன்னா சார் தெரியும்? நத்தையைக் கேப்போம்" என்றாள் அம்மா.

முதல் நாளே என்னை வேறு வாய்க்காலுக்கு அனுப்பி நத்தை பொறுக்க வைத்திருந்தாள். கரையில் இரண்டு பேசின்கள். நீலத்தில் போர்வெல் தண்ணீர். சிவப்பு காலி.

"நாங்க மொண்டா எதையோ கலந்துட்டோம்னு சொல்வீங்க. உங்க ஆளே மொண்டாரட்டும்" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு, சிவப்பு பேசினை அப்பாவிடம் நீட்டினாள். அப்பா ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு காக்கி பேண்ட் நனைய வாய்க்காலில் இறங்கி, நிறைய மொண்டுவந்து வைத்தார்.

பேசினுக்குப் பத்து நத்தை என்று போட்டேன். நீலத்தில் போட்டவை கொஞ்ச நேரத்தில் கொம்பை நீட்டிக்கொண்டு அடியில் ஊர்வலம் போயின. சிவப்பில் போட்டவையோ ஒன்றன்பின் ஒன்றாக விளிம்பை நோக்கி ஏறின. தண்ணீருக்குள் இருப்பவைதான் ஜெயிக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டு, ஏறியவற்றையெல்லாம் மும்முரமாக உள்ளே தள்ளினேன். அம்மா என் கையில் ஓர் அடி போட்டாள்.

"வுடுடி, அதுங்க பாட்டுக்கு வரட்டும்!"

வந்தன. பத்தும் வந்தன. ஒன்று அதிகாரியின் ஷூ மேலேயே விழுந்தது. சுற்றி நின்ற ஊர்க் கூட்டம் விசில் அடித்தது. அவர் குனிந்து அதை எடுத்து நீல பேசினில் விட்டார். அன்று சாயங்காலமே கம்பெனியின் கழிவுக் குழாய்க்குச் சீல் வைத்தார்கள். தீபாவளிக்கு மிஞ்சிய வெடியெல்லாம் வாய்க்கால் கரையில் தீர்ந்தது. நான் தொண்டை கட்டும்வரை கத்தினேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்குப் பிறகும் அதிகம் வாய்த்ததில்லை.

அடுத்தடுத்த மழைகளில் தவளைகள் தூங்கவிடாமல் கத்தின. கொக்குகள் வந்தன. நத்தைக் குழம்பும் வந்தது.

சீல் வைத்த மறுநாளிலிருந்து அப்பா காக்கி போடவில்லை. தினமும் என்னை சைக்கிளில் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிட்டார். நாங்கள் ஜெயித்ததற்காக அப்பாவுக்கு லீவு விட்டிருக்கிறார்கள் என்று வகுப்பு முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

அம்மா பேசினை நீட்டியபோது அவர் ஏன் ஒரு கணம் நின்றார் என்று மட்டும் யோசித்ததுண்டு. பேண்ட் நனைந்துவிடுமே என்று பார்த்திருப்பார் என நினைத்தேன்.