முட்டி நிற்காத பாதை

கணபதி என்ற பகுதியில் குடியிருக்கும் மாசாணத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. பேவர் கல் பதிப்பதும் தோட்டம் போடுவதும் தொழில். கல்யாண மண்டபம், கல்லூரி வளாகம் என்று எத்தனையோ இடங்களில் வேலை செய்தவர், ஆறு வருடம் முன்பு அன்னூர் ரோட்டில் ஒரு முதியோர் குடியிருப்புக்குத் தோட்டம் போடப் போனார். வேலை முடிந்ததும் நிர்வாகம் அவரையே தோட்டப் பொறுப்பில் வைத்துக்கொண்டது.

தோட்டத்தை வரைந்து கொடுத்தவர் மெர்வின் என்ற இளைஞர். அவர் சொன்ன ஒவ்வொன்றும் மாசாணத்துக்குப் புதிதாக இருந்தது. மறதி நோய் வந்தவர்களின் பகுதியில் பாதை எங்கேயும் முட்டி நிற்கக் கூடாது. முட்டினால் திரும்பத் தெரியாமல் சுவரைப் பார்த்தபடி நின்று அழுவார்கள். அதனால் பாதை வட்டமாகப் போய், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். கறுப்புக் கல் வயதான கண்ணுக்குக் குழி போலத் தெரியும், பதிக்கக் கூடாது. அரளி வைத்தால் பறித்து வாயில் போட்டுக்கொள்வார்கள். வெளிக் கதவு கதவென்று தெரியாமலிருக்க, வேலிச் செடியின் பச்சையையே அதற்கும் அடிக்க வேண்டும். மாசாணம் எல்லாவற்றையும் மனதில் ஏற்றிக்கொண்டார். மழை பெய்தால் பாதையில் எங்கே தண்ணீர் நிற்கும் என்று மெர்வினுக்கே அவர்தான் சொன்னார். பார்க்க வருகிற யாரிடமும் இது தன் கை பட்ட தோட்டம் என்று சொல்வதில் அவருக்குப் பெருமை இருந்தது.

போன தை மாதம் வேங்கடசாமி அங்கே வந்து சேர்ந்தார். வயது எண்பத்து நான்கு. சோமனூர்ப் பக்கம் நாற்பது ஏக்கர் வைத்திருந்தவர். காரிலிருந்து இறக்கும்போதே மாசாணத்துக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. மாசாணத்தின் அப்பா நஞ்சான் அந்தத் தோட்டத்தில் பண்ணையாளாக இருந்தே செத்துப்போனவர்.

பத்து வயதில், ஒரு சித்திரை வெயிலில், மாசாணம் வேங்கடசாமியின் கிணற்றில் இறங்கிக் குளித்துவிட்டார். வேங்கடசாமி அவரைத் தொடவில்லை. நஞ்சானைக் கூப்பிட்டுக் கையில் சாட்டையைக் கொடுத்து, நீயே அடி என்றார். மெதுவாக விழுந்த அடிகளைக் கணக்கில் சேர்க்காமல் முதலிலிருந்து அடிக்க வைத்தார். கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டபடி பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு நஞ்சான் மகனின் முகத்தைப் பார்த்துப் பேசியதே இல்லை. பதினைந்து வயதில் மாசாணம் ஊரை விட்டு வந்தவர்தான்.

குடியிருப்பில் வேங்கடசாமிக்கு எதுவும் ஒட்டவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார். பார்த்துக்கொள்ள வந்த பெண்களைக் கையை ஓங்கி அடித்தார். ஒரு நாள் கீரைப் பாத்தியில் மண்வெட்டியோடு நின்ற மாசாணத்தைப் பார்த்ததும் அப்படியே அடங்கினார்.

“நஞ்சா, மடை திருப்பிப்போட்டயாடா?” என்றார்.

மாசாணத்தின் வாய் அவரைக் கேட்காமலே, “ஆச்சுங்க பண்ணாடி” என்றது. பண்ணையாட்கள் தோட்டத்துக்காரரைக் கூப்பிடும் அந்தச் சொல்லை அவர் சொல்லி நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. பெரியவர் அன்றைக்கு முழுத் தட்டும் சாப்பிட்டார்.

மேலாளர் ஷைலா இதைக் கவனித்துவிட்டார். மறுநாளே மாசாணத்தை அலுவலகத்துக்கு அழைத்து உட்காரச் சொல்லி, இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கும் பெரியவர் எதிரில் வந்து நிற்க முடியுமா என்று கேட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டால் இன்னும் நல்லது. இதுவும் ஒரு வைத்தியம்தான். பழகிய தோட்டம், பழகிய மரம் போல, பழகிய ஆளும் வேண்டியிருக்கிறது என்றார்.

“தோட்டத்துல வெச்சிருக்கற செடியாட்ட நானுமுங்களாம்மா?” என்று மாசாணம் கேட்டார்.

ஷைலா சிரித்தார். கட்டாயம் ஒன்றும் இல்லை, ஆனால் தோட்டப் பொறுப்புக்கு அடுத்த மாதம் எப்படியும் புது ஏற்பாடு யோசிக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லிக் காப்பி கொண்டுவரச் சொன்னார். மாசாணம் மறுநாள் செருப்பைக் கழற்றினார்.

பதினொரு வாரம் அது நடந்தது. பெரியவர் ஏசுவார், எச்சிலைத் துடைக்கச் சொல்வார், நஞ்சானின் மகன் இன்னும் உருப்படவில்லையா என்று விசாரிப்பார். பெரியவரின் மகன் பிரவின்குமார் திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்பவர். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அதைக் கைப்பேசியில் படம் பிடித்தார். அப்பா பழையபடி ஆகிவிட்டார் என்று சந்தோஷப்பட்டு உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார். அது எங்கெங்கோ சுற்றிக் கணபதிக்கும் வந்தது. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் மாசாணத்தின் மகள் இளவேனில் டீச்சராக இருந்தாள். சக டீச்சர் ஒருத்தி அந்தக் காலத்து மரியாதையைப் பாருங்கள் என்று அதை அவளிடமே காட்டினாள்.

அன்று சாயங்காலம் இளவேனில் கேட்டது ஒன்றுதான். “அதுல கையக் கட்டீட்டு நிக்கறது நீங்களாப்பா?”

அவர் ஆமாம் என்றார். அவள் பத்து நாள் அவரிடம் பேசவில்லை.

அதற்கு அடுத்த நாள், மே மாத மத்தியானம். மறதிப் பகுதியின் பகல் பொறுப்பு லின்சியுடையது, இருபத்திரண்டு வயதுப் பெண். அவள் காலையிலிருந்து உட்காரவே இல்லை. நான் பார்த்துக்கொள்கிறேன், போய் டீ குடித்துவிட்டு வா கண்ணு என்று மாசாணமே அவளை அனுப்பினார். அப்போது அவர் மனதில் வேறு எண்ணம் இல்லை.

பெரியவர் பாதையில் நின்று, வீட்டுக்கு எப்படிடா போவது என்று கேட்டார். வழக்கமாக மாசாணம் அவரை நிழல் பெஞ்சில் உட்காரவைப்பார். அன்றைக்கு அப்படிச் செய்யவில்லை.

“இப்படியே போங்க பண்ணாடி. வளைவு தாண்டுனா ஊடு வந்துரும்.”

பெரியவர் நடந்தார். பாதை அவரைச் சுற்றிக் கொண்டுவந்து மாசாணத்திடமே விட்டது. முன்பு கேட்டது நினைவில்லாமல் மறுபடி கேட்டார். மாசாணம் அதே பதிலைச் சொன்னார். கையிலிருந்த குழாயால் செம்பருத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே சொன்னார். மூன்றாவது சுற்றில் பெரியவரின் ஒரு செருப்பு கழன்றது. கல் கொதித்தது. ஐந்தாவது சுற்றில் அவர் வேலிச் செடியைப் பிடித்துப் பிடித்து வந்தார். ஆறாவது சுற்றில் மாசாணத்தின் எதிரே வந்து கைகூப்பினார். முகத்தில் பழைய கோபம் எதுவும் இல்லை. யாரோ தெரியாத ஊரில் தெரியாத பெரிய மனுஷரிடம் கேட்பது போலக் கேட்டார்.

“ஏனுங்க, இங்க வேங்கடசாமி ஊட்டுக்கு எப்படீங்க போகோணும்? எங்கம்மா தேடுமுங்க.”

மாசாணத்துக்கு நெஞ்சில் என்னவோ இனித்தது. இரக்கம் வரும் என்று நினைத்தார், வரவில்லை. இன்னொரு சுற்று வேண்டும் போலத்தான் இருந்தது.

“இன்னுங் கொஞ்ச தூரந்தானுங்க,” என்று கையைக் காட்டினார்.

பெரியவர் வளைவு தாண்டவில்லை. விழுந்த சத்தம் கேட்டதும் மாசாணம் ஓடிப்போய்த் தூக்கினார். இடுப்பெலும்பு உடைந்திருந்தது. ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் கிடந்து பெரியவர் இறந்துபோனார்.

விசாரணை நடந்தது. கேமராவில் படம் உண்டு, சத்தம் கிடையாது. தண்ணீர் விடும் தோட்டக்காரர் ஒவ்வொரு முறையும் பணிவாகக் குனிந்து வழி காட்டுவதும், கடைசியில் ஓடிப்போய்த் தூக்குவதும் அதில் தெரிந்தன. பிரவின்குமார் மாசாணத்தின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். லின்சி நடந்ததை நடந்தபடி சொன்னாள். தோட்டக்காரர் பார்த்துக்கொள்வார் என்று நோயாளியை விட்டுப் போனது எப்படிச் சரியாகும் என்று ஷைலா கேட்டார். அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள். இனி வேறு இல்லங்களிலும் எடுக்க மாட்டார்கள் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. துணிப்பையோடு தோட்டத்துக்கு வந்து மாசாணத்திடம் சொல்லிக்கொண்டாள்.

“நீங்களாச்சும் ஓடி வந்தீங்கண்ணா. நா டீக்குப் போயிருக்கக் கூடாது.”

அவள் போனபின் மாசாணம் அன்றைய வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போனார். மகளிடம் ஒன்று விடாமல் சொன்னார். ஆறு சுற்று என்று சொல்லும்போது இளவேனில் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவரைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

“அந்தப் புள்ளைக்காகப் போயிச் சொல்லுவீங்களா?” என்று கேட்டாள்.

சொல்கிறேன் என்றார். மறுநாள் காலை ஷைலாவின் அறை வாசல்வரை போனார். லின்சியின் இடத்துக்கு வேறொரு பெண் அதற்குள் வந்து, உள்ளே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஷைலா நிமிர்ந்து, என்ன அண்ணா என்றார். கீரைப் பாத்திக்கு எரு வேண்டும் என்று சொல்லிவிட்டு மாசாணம் திரும்பிவிட்டார்.

இன்றும் அங்கேதான் வேலை செய்கிறார். இளவேனில் சாப்பாடு போடுகிறாள், மாத்திரை எடுத்துத் தருகிறாள். சொன்னீர்களா என்று அவள் கேட்கவே இல்லை.