நிமிடத்துக்கு அறுபத்தெட்டு மூச்சு

போன ஞாயிறு காலை. பக்கத்து வீட்டு எஸ்தர் தன் ஏழு மாதப் பிள்ளையை மடியில் கிடத்தி, சட்டையைத் தூக்கிவிட்டு, அவன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் போன். அதில் ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிளஸ் டூ சர்டிபிகேட்டோடு திருப்பூர் வந்தவள். பனியன் கம்பெனியில் டைம் ஸ்டடி வேலை. பனியனில் ஒரு கை தைக்க எத்தனை விநாடி என்று டெய்லர்களின் பின்னால் நின்று குறிப்பாள். "வந்துட்டா பாரு... தும்முனாக்கூட நேரம் எழுதுவா!" என்று சீண்டுவார்கள்.

"அறுபத்தெட்டு," என்றாள்.

"என்னது?" என்றேன்.

"மூச்சுண்ணே. ஒரு நிமிசத்துக்கு."

எங்களுக்கு வீடு வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார். "சளி கண்ணு. வசம்பச் சுட்டு ஒரசிக் குடு, பொழுதுக்குள்ள சரியாப் போயிரும். ஞாயித்துக்கெழம பச்சப்புள்ளயத் தூக்கீட்டு எங்க அலைவ?"

எஸ்தர் மறுபடி எண்ணினாள். அறுபத்தாறு. மறுபடியும். அறுபத்தெட்டு. மூன்று ரீடிங் எடுக்காமல் எதையும் நம்பக் கூடாது — அவள் தொழில் அப்படி.

"தடுப்பூசி போடப் போனப்ப ஆஸ்பத்திரி செவத்துல நோட்டீஸ் ஒட்டியிருந்துச்சுண்ணே. இந்த வயசுக்கு அம்பதத் தாண்டுனா ஆஸ்பத்திரின்னு."

அதே ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்து நானும் நின்றிருக்கிறேன். படித்தேனா?

சாயப்பட்டறையிலிருந்த கணவனுக்குப் போன் போட்டாள். "ஷிப்ட் முடிஞ்சு வாரேன், பொறு," என்றான்.

"ஏங்க, நான் பொறுப்பேன். இவன் பொறுக்க மாட்டான். கெளம்புதேன்."

போகலாமா என்று கேட்கவில்லை... சொன்னாள். பர்ஸை எடுத்தாள். ஆட்டோவை நிறுத்தினாள். நான் வாயைப் பிளந்தபடி பின்னால் ஓடி ஏறிக்கொண்டேன்.

நிமோனியா. உடனே ஆக்சிஜன் வைத்தார்கள்.

"சாயந்தரம் வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு சொல்ல முடியாது," என்றார் டாக்டரம்மா. "யாரும்மா எண்ணச் சொன்னது?"

"யாரும் சொல்லல மேடம். எனக்கு எண்ணத் தெரியும்லா."

மழையை வியந்திருக்கிறேன், மலையை வியந்திருக்கிறேன். அன்று ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, ஒருத்தி படித்த ஒரே ஒரு வரியை வியந்துகொண்டிருந்தேன். அந்த வரி, பர்ஸில் அவள் சொந்தச் சம்பளம், யார் அனுமதிக்கும் காத்திராத ஒரு 'கெளம்புதேன்' — ஒரு குட்டி நெஞ்சுக்கூடு தொடர்ந்து ஏறி இறங்க, இவ்வளவுதான் வேண்டியிருந்ததா?

ஐந்தாம் நாள் பிள்ளை வீடு வந்தான், சிரித்துக்கொண்டு. பின்னாலேயே வீட்டுக்காரம்மாவும் வந்தார்.

"ஏங் கண்ணு, எம்புள்ள பிரசவத்துக்கு வரப்போகுது. அந்த மூச்சு எண்றத எனக்குஞ் சொல்லிக் குடு."

"புள்ள அழாம இருக்கும்போது எண்ணணும்மா," என்று பாடத்தைத் தொடங்கினாள் எஸ்தர்.

நானும் முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டேன்.