பெலுமுட் மலையில் நான் காட்டிய தப்பான உச்சி

குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாற்பது வருஷம் பால்மரம் சீவினேன். எதிரே தெரிந்த மொட்டைப் பாறைதான் பெலுமுட் மலையின் உச்சி என்று, கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும் காட்டுவேன். போன வருஷம், எழுபத்திரண்டு வயதில், முட்டிவலியோடு மகளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஏறினேன். அந்தப் பாறையில் நின்று கையைத் தூக்கியபோதுதான், பின்னால் இன்னும் உயரமான முகடு தெரிந்தது.

மகள் சிரித்தாள். "அலமாக்! பெலுமுட்னா பாசி புடிச்சதுப்பா. இங்க பாசியே இல்லயே! இறங்கிடலாமா?"

"நாப்பது வருஷமா ஊரையே ஏமாத்திட்டேன்மா. உச்சியைப் பாக்காம எப்படி இறங்குறது? நட லா!"

வேரைப் பிடித்துப் பிடித்து ஏறினோம். மேலே மரங்கள் பச்சைப் பாசி போர்த்திச் சொட்டிக்கொண்டிருந்தன. திரும்பிப் பார்த்தால் தோட்டம் தெரியவில்லை. அந்தப் பாறை மறைத்திருந்தது. தோட்டத்தில் நின்றவனுக்கு இந்த உச்சி எப்படித் தெரிந்திருக்கும்? பாசியைத் தடவினேன். உள்ளங்கை ஈரமானது. தப்பு செய்தவன் இவ்வளவு சந்தோஷப்படலாமா என்று தெரியவில்லை, நான் பட்டேன்.