கழற்றிய இரண்டு கண்ணி

தங்கசாமியின் முகத்தைவிட அவருடைய இடது கையைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக நரிக்குடி போகிற தனியார் பஸ்ஸில் நான் டிரைவர், அவர் கண்டக்டர். கூட்டத்துக்கு மேலே கம்பியைப் பிடித்தபடி நகர்ந்து வரும் அந்தக் கையும், அதிலிருந்த ஸ்டீல் செயின் வாட்ச்சும்தான் என் கண்ணாடியில் தெரியும். கம்பியில் உரசி உரசியே செயினின் ஒரு பக்கம் தேய்ந்து சொரசொரத்துப் போயிருந்தது. நாங்களும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தோம். விடியுமுன் ஏறினால் ஊர் அடங்கித்தான் இறங்குவோம். முதலாளிக்கு மட்டும் டயர் தேய்வதுதான் கவலை.

அந்த வாட்ச் எண்பத்தொன்றில் அவர் கல்யாணத்துக்கு மாமனார் போட்டது. மாமனார் சோணைமுத்து மல்லாங்கிணறுக்காரர். மிளகாய் விளைந்த வருஷம் மதுரைக்கே போய் வாங்கி வந்தாராம். "எம் மாப்ளைக்குப் பயில்வான் கை. கடையிலயே பெரிய செயினாக் கேட்டு வாங்குனேன்" என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வாட்ச் மணி பார்க்க மட்டுமல்ல. மாமனார் வீட்டு விசேஷத்துக்கு அதைக் கட்டிக்கொண்டு போகாவிட்டால் ஏன் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். அவர்களாகவே மனசுக்குள் அதை அடகுக் கடையில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள்.

தொண்ணூற்றிரண்டில் அதுதான் நடந்தது. மச்சினன் மகனுக்குக் காதுகுத்து. அன்று காலை பார்த்துச் செயினின் கண்ணிகளைக் கோத்திருந்த ஊசி ஒன்று அற்றுப்போக, மனுஷன் வாட்ச்சை வீட்டில் வைத்துவிட்டு வெறுங்கையோடு போய்விட்டார். சோணைமுத்துவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. மாப்பிள்ளை வந்தால் கையைப் பிடித்து, வாட்ச்சைத் தடவிப் பார்த்துத்தான் வாங்க என்பார். அன்று தடவினார், கையை விட்டுவிட்டார்.

அடுத்த வாரம் தங்கசாமியின் மனைவி கஸ்தூரி கண் ஆபரேஷனுக்காக அப்பாவைத் தன் வீட்டுக்குக் கூப்பிடப் போனாள். டவுனில் டாக்டரிடம் எல்லாம் பேசி வைத்திருந்தாள். கிழவர் அசையவில்லை. "வாட்ச்ச வித்துத் திங்கிற வீட்டுக்கு நான் எதுக்குத்தா வரணும்? கண்ணு போனாப் போகுது."

அழுதுகொண்டே திரும்பி வந்தாள். இனியும் தள்ளிப்போட்டால் பார்வை மொத்தமாகப் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வாட்ச் கடைக்காரர் செயினைப் பார்த்துவிட்டு, தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டச் சொன்னார். புதுச் செயின் மாட்டினால் கிழவர் அதை வேறு வாட்ச் என்பார். அதனால் பஸ் ஒர்க்‌ஷாப்பில் நின்ற நாளில் தங்கசாமி வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கும் வேறு வேலை இல்லை, கூட உட்கார்ந்தேன்.

பூந்திக்கொட்டையை ஊறவைத்த வெந்நீரில் செயினைப் போட்டு, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தார். தண்ணீர் கறுத்தது. இத்தனை வருஷத்து வேர்வையும் புழுதியும் கண்ணிக்குக் கண்ணி அடைந்து கிடந்தது. "திருச்சுழி ரோடு மொத்தமும் இதுக்குள்ளதான்ணே இருக்கு" என்றார். சிரிக்கக்கூட அவருக்குத் தெம்பில்லை.

அற்றுப்போன ஊசிக்குப் பதில் என்ன வைப்பது என்று யோசித்தபோது, கஸ்தூரி வளையலில் கோத்திருந்த ஊக்கு ஒன்றைக் கழற்றி நீட்டினாள். அதன் கம்பியை நறுக்கிச் சொருகினார். கச்சிதமாக உட்கார்ந்தது. ஒர்க்‌ஷாப் பெயிண்டரிடம் வாங்கி வந்த நைசான உப்புத்தாளை மரஸ்கேலில் சுற்றி, நீளவாக்கில் ஒரே பக்கமாக இழுத்தார். முன்னும் பின்னும் தேய்த்தால் கோடு கோடாகக் கீறல் விழுமாம். கடைசியில் பழைய ரவிக்கைத் துணியில் பல்பொடியைத் தொட்டு மெருகேற்றினார். சாயங்காலம் பார்த்தால் செயின் பளபளவென்று இருந்தது. நானே மயங்கிப்போனேன்.

கையில் மாட்டினார். முழங்கை வரை வழுக்கிக்கொண்டு போனது.

"செயின் நீண்டுபோச்சு" என்றேன்.

"ஊசிதான் புதுசாப் போட்டாச்சே. செயின் நீளலண்ணே" என்றார் மெதுவாக. அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, பூட்டோரம் உப்புத்தாள் எட்டாமல் விட்டுப்போன இரண்டு கண்ணியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "கஸ்தூரிட்டச் சொல்லிறாதிக. அவ வேற அழுவா."

மறுநாளே மூவருமாக மல்லாங்கிணறுக்குப் போனோம். சோணைமுத்து கையைப் பிடித்தார். கட்டைவிரலால் செயினை ஒரு சுற்றுத் தடவினார். முகம் கறுத்துப்போனது.

"இது நான் போட்ட வாட்ச் இல்ல."

"அதேதான் மாமா. வீட்ல வச்சுத் தேச்சேன்."

"எங்கிட்டயேவா? என் செயின் சொரசொரன்னு இருக்கும். இது வழுவழுன்னு இருக்கு. நீளமும் கம்மி. ஒரு பொடிப்பயலுக்குப் போடுற செயினக் கொண்டாந்து காட்டுறீக." கையை உதறினார். "குருடன்னுதான ஏமாத்துறீக?"

எனக்கு வந்த கோபத்தில் எழுந்தேவிட்டேன். தங்கசாமி என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பையிலிருந்து அந்த இரண்டு கண்ணியை எடுத்து மாமனார் உள்ளங்கையில் வைத்தார். தேய்க்காத கண்ணிகள், பழைய சொரசொரப்பு அப்படியே இருந்தது.

"ரெண்ட எடுத்துட்டேன் மாமா. கையில நிக்கல."

கிழவர் கண்ணிகளை உருட்டிப் பார்த்தார். பிறகு மறுபடி மாப்பிள்ளையின் கையைத் தேடிப் பிடித்தார். இந்தத் தடவை வாட்ச்சைத் தடவவில்லை. மணிக்கட்டைச் சுற்றி விரலைக் கோத்தார். கட்டைவிரல் நடுவிரலைத் தாண்டிப் போனது.

"என்ன மாப்ள இது, வெறும் எலும்பாவுல்ல இருக்கு?"

கஸ்தூரி புருஷனின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நேரத்துக்குத் திங்க மாட்டேங்குறாருய்யா. கேட்டா ட்ரிப்புங்குறாரு. கட்டுற சோத்தத் திருப்பிக் கொண்டாந்துர்றாரு" என்று சொல்லும்போதே உடைந்துவிட்டாள். தினமும் நான் கண்ணாடியில் பார்த்த கை அது.

கிழவர் இரண்டு கண்ணியையும் தன் வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டார். "பைய எடுத்தாத்தா. டவுனுக்குப் போவோம்" என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்து, கண்ணாடி போட்டு, சில நாள் கழித்து மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். கஸ்தூரி கையில் தூக்குச்சட்டி. பஸ் நிறைந்து நின்றது. நான் இஞ்சினை ஓடவிட்டிருந்தேன். கூட்டத்துக்கு நடுவே கம்பியைப் பிடித்து நின்ற மாப்பிள்ளையின் கையைக் கிழவர் கீழே நின்றபடி கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எறங்கிச் சாப்புடுங்க மாப்ள."

தங்கசாமி வாட்ச்சைப் பார்த்தார். "நேரமாச்சு மாமா. ட்ரிப் முடிச்சு வந்து சாப்புடுறேன்."

"நேரம் பாக்கத்தான் வாங்கிக் குடுத்தேன். பட்டினி கெடக்கவா குடுத்தேன்?" என்றவர் என் ஜன்னலுக்கு வந்தார். குரல் இறங்கிப்போனது. "டிரைவரய்யா, செத்த நேரம் வண்டிய நிப்பாட்டுங்கய்யா. எம் மாப்ள ஒரு வாய் தின்னுக்கிறட்டும்."

நான் இஞ்சினை அணைத்தேன்.